மாடம்பாக்கத்துக்கு வந்த சகோதரியும் என் பீரோ சாவியும்



இது கொஞ்சம் நீளமான பதிவு. என் வகுப்பில் நாற்பது நிமிடம் அசையாமல் உட்கார்ந்தவர்கள்தானே நீங்கள். இன்னொரு பீரியட் என்று நினைத்துக்கொண்டு படியுங்கள். கடைசியில் உங்களிடம் ஒன்று கேட்கப் போகிறேன், அதனால் பாதியில் ஓடிவிடாதீர்கள்.

போன மாதம் ஸ்காட்லாந்தில் இருக்கும் என் பழைய மாணவி ஒருத்தி சில படங்கள் அனுப்பியிருந்தாள். கிளாஸ்கோ நகரத்தில் பெண்களுக்கென்றே ஒரு நூலகம் இருக்கிறது, 'கிளாஸ்கோ விமன்ஸ் லைப்ரரி' என்று பெயர். 1991-ல் சின்னதாக, முழுக்கத் தன்னார்வலர்களை வைத்துத் தொடங்கியது. புத்தகங்கள் எல்லாம் மக்கள் கொண்டுவந்து கொடுத்தவை. பல இடம் மாறி, இப்போது நூறாண்டு பழமையான ஒரு கட்டடத்தில் இருக்கிறது. அங்கே புத்தகம் மட்டும் கொடுப்பதில்லை. எழுதப் படிக்கத் தடுமாறும் பெண்களுக்கு வகுப்பு நடத்துகிறார்கள். ஊரில் பெண்கள் வாழ்ந்த, போராடிய இடங்களைச் சுற்றிக் காட்ட நடைப்பயணம் கூட்டிப்போகிறார்கள். சும்மா வந்து உட்கார்ந்து டீ குடித்துவிட்டும் போகலாமாம்.

படங்களுக்குக் கீழே அவள் ஒரே ஒரு வரி எழுதியிருந்தாள். "டீச்சர், நம்ம பக்கத்தில் இப்படி ஏதாவது இருந்துச்சா?"

"இல்லம்மா" என்று உடனே டைப் அடித்தேன். அனுப்பும் முன் கை நின்றுவிட்டது. இல்லை என்று சொல்ல எனக்கு என்ன தெரியும்? அப்புறம் ஒரு மாதமாகப் பழைய குறிப்புகளைப் புரட்டியதில் கிடைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். அவளுக்கு மட்டும் பதில் எழுதியிருக்கலாம். ஆனால் இது உங்கள் எல்லோருக்கும் தெரிய வேண்டிய கதை என்று தோன்றியது.

முதலில் ஒரு விஷயம். நம் பாட்டிமார் காலத்தில் பெண் படிப்பது என்றால், படித்த பெண் ஒருத்தி வாசிக்க மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பதுதான் பெரும்பாலும். சமையல் முடிந்து, ஆண்கள் வெளியே போன பிறகு, கூடத்திலோ திண்ணையிலோ நடக்கும். ஒருத்திக்கு எழுத்து தெரிந்தால் பத்துப் பேருக்குக் கதை தெரியும்.

திருவல்லிக்கேணியில் வாழ்ந்த வை.மு. கோதைநாயகி அம்மாளைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1901-ல் பிறந்தவர். ஆறு வயது நிறையும் முன்பே கல்யாணம். பள்ளிக்கூடம் போனதில்லை. அவருடைய முதல் நாடகத்தை அவர் சொல்லச் சொல்லத் தோழி ஒருவர் எழுதிக் கொடுத்தார். அப்புறம்தான் தானே எழுதக் கற்றுக்கொண்டார். 1925-ல் 'ஜகன்மோகினி' பத்திரிகையைக் கையில் எடுத்து, 1960-ல் கண்மூடும் வரை நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதினார். கடைக்கு வந்து புத்தகம் வாங்க முடியாத பெண்களுக்குத் தபாலில் வீடு தேடி வந்த வாசகசாலை அந்தப் பத்திரிகை. ஒரு பிரதி வந்தால் தெருவே படித்துவிடும்.

ஆனால் பெண்கள் வீட்டை விட்டு வெளியே வந்து, ஓர் இடத்தில் கூடி, கேட்டு, படித்து, பேசுவது அதைவிடக் கடினமான காரியம். அதைச் செய்துகாட்டியவர்தான் இந்தப் பதிவின் நாயகி, சகோதரி சுப்பலட்சுமி.

ஆசிரியர் பயிற்சியில் இவர் பெயரை ஒரு வரியில் படித்துவிட்டுக் கடந்து போனவள் நான். அப்போது என் வயது அப்படி. இப்போது படிக்கும்போது ஒவ்வொரு வருடமும் உறைக்கிறது.

1886 ஆகஸ்டு 18-ல் மயிலாப்பூரில் பிறந்தார். பதினோரு வயது வாக்கில் கல்யாணம். கொஞ்ச நாளில் கணவர் இறந்துவிட்டார். அந்தக் காலத்தில் அதற்குப் பிறகு ஒரு பெண் குழந்தைக்கு என்ன நடக்கும் என்று உங்களுக்கு நான் விவரிக்க வேண்டாம். தலைமுடி, நல்ல புடவை, கூடத்தில் உட்காரும் உரிமை எல்லாம் போய்விடும். ஆனால் இவருடைய அப்பா மகளை மூலையில் உட்கார வைக்காமல் புத்தகத்தைக் கையில் கொடுத்தார். அதே நிலையில் இருந்த சித்தி வாலாம்பாளும் கடைசி வரை துணை நின்றார். 1911-ல் சென்னை மாநிலக் கல்லூரியில் சுப்பலட்சுமி பட்டம் பெற்றார். கணவனை இழந்த இந்துப் பெண் ஒருவர் சென்னை மாகாணத்தில் பட்டம் வாங்கியது அதுவே முதல் முறை.

வேறு யாராக இருந்தாலும் அதோடு தன் வாழ்க்கையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இவர் அடுத்த வருடமே, 1912-ல், தன்னைப் போன்ற இளம் விதவைகள் நான்கு பேரை வைத்துக்கொண்டு எழும்பூரில் தந்தையின் வீட்டிலேயே ஒரு இல்லம் தொடங்கினார். பெண்கள் பள்ளிகளின் ஆய்வாளராக இருந்த கிறிஸ்டினா லிஞ்ச் என்ற அயர்லாந்துக்கார அம்மையார் அரசாங்கத்தின் பக்கமிருந்து கை கொடுத்தார். பிறகு அந்த இல்லம் கடற்கரையில் ஐஸ் ஹவுஸுக்குப் போனது. இன்று விவேகானந்தர் இல்லம் என்று நீங்கள் பிள்ளைகளைக் கூட்டிப்போகிறீர்களே, அதே கட்டடம்தான்.

என் கேள்விக்கு நெருக்கமான விஷயம் இனிமேல்தான் வருகிறது. அதே 1912-ல் அவர் 'சாரதா லேடீஸ் யூனியன்' என்று ஒரு பெண்கள் சங்கம் தொடங்கினார். அது குடும்பப் பெண்களுக்கானது. வீட்டை விட்டு வந்து ஓர் இடத்தில் கூடவும், சொற்பொழிவு கேட்கவும், கேட்டதைப் பற்றிப் பேசவும், பெண் கல்விக்கு ஏதாவது செய்யவும் ஒரு சங்கம். வாசலில் நூலகம் என்று பலகை தொங்கவில்லை. ஆனால் நூலகம் ஒரு பெண்ணுக்கு என்ன செய்ய வேண்டுமோ அதை அது செய்தது. சாரதா வித்யாலயா பள்ளி இந்தச் சங்கத்தின் நிழலில் வளர்ந்து, 1938-ல் ராமகிருஷ்ண மிஷனிடம் ஒப்படைக்கப்பட்டது. நம் உறவுக்காரப் பெண்களிலேயே எத்தனை பேர் அங்கே படித்தீர்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

விதவை இல்லத்துப் பெண்களுக்கும் குடும்பப் பெண்களுக்கும் ஒரே நேரத்தில் இரண்டு அமைப்புகளை அவர் ஏன் தொடங்கினார் என்று நான் ரொம்ப நாள் யோசித்ததுண்டு. விதவைப் பெண்ணைப் படிக்க வைத்தால் மட்டும் போதாது, அவளைத் தள்ளி வைத்த வீடுகளில் இருக்கும் பெண்களின் மனசும் மாற வேண்டும் என்று நினைத்திருப்பார் என்பது என் எண்ணம். ஒரு மாமியார் மாறினால் ஒரு வீடே மாறும். டீச்சராக இருந்த எனக்கு இது அனுபவப்பூர்வமாகத் தெரியும். பெண் பிள்ளையைப் பள்ளியை விட்டு நிறுத்துகிறார்கள் என்று அப்பாவிடம் பேசப் போனால், பாதி நேரம் கதவுக்குப் பின்னால் நிற்கும் பாட்டியிடம்தான் பேச வேண்டியிருக்கும்.

1922-ல் லேடி வெலிங்டன் பயிற்சிக் கல்லூரி தொடங்கியபோது அவர்தான் முதல் முதல்வர். பெண்களை ஆசிரியைகளாக்க அமைந்த கல்லூரி அது. என்னைப் போல ஆசிரியர் பயிற்சிப் பட்டயத்தை வைத்துக்கொண்டு முப்பது வருடம் சொந்தச் சம்பளத்தில் தலை நிமிர்ந்து வாழ்ந்த பெண்கள் எல்லோருக்கும் வழி போட்டவர்களில் அவர் ஒருவர்.

இந்த இடத்தில் அடையாறு பக்கம் கொஞ்சம் போய் வருவோம். 1917 மே 8-ல் அங்கே 'இந்திய மாதர் சங்கம்' பிறந்தது. மார்கரெட் கசின்ஸ், டோரதி ஜினராஜதாசா, அன்னி பெசன்ட் ஆகியோர் முன்னின்றார்கள். 1918 முதல் 'ஸ்த்ரீ தர்மா' என்ற இதழ் வந்தது. ஆங்கில இதழ்தான், தமிழிலும் தெலுங்கிலும் பகுதிகள் இருந்தன. ஊர் ஊராகக் கிளைகள் வைத்து, எழுதப் படிக்க, தைக்க, முதலுதவி செய்யக் கற்றுக் கொடுத்தார்கள். வகுப்புகள் பெரும்பாலும் மதிய வேளையில். ஏன் மதியம்? மதியச் சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவிக் கவிழ்த்ததற்கும் சாயங்காலம் அடுப்பு மூட்டுவதற்கும் நடுவில் இருக்கும் அந்த இரண்டு மணி நேரம்தான் ஒரு பெண்ணுக்குச் சொந்தமான நேரம். அதைப் புரிந்துகொண்டு நேரம் குறித்தவர்கள் பெண்களை அறிந்தவர்கள். சென்னை மாகாணத்துப் பெண்களுக்கு 1921-ல் ஓட்டுரிமை வந்ததற்குப் பின்னால் இந்த மதிய வேளைக் கூட்டங்களும் உண்டு.

நூலகம் என்று சொல்லிவிட்டு எஸ்.ஆர். ரங்கநாதனைச் சொல்லாமல் போனால் பாவம். சீர்காழிக்காரர். மாநிலக் கல்லூரியில் கணக்கு வாத்தியார். 1924-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகர் ஆனார். லண்டன் போய் நூலகக் கலை படித்துவிட்டு வந்து, 1928-ல் சென்னை நூலகச் சங்கம் உருவாக முன்னின்றார். 1931-ல் நூலக விதிகள் ஐந்தையும் புத்தகமாக எழுதினார். புத்தகம் இருப்பது பூட்டி வைக்க அல்ல, பயன்படத்தான் என்பது முதல் விதியின் சாரம். எல்லோருக்கும் புத்தகம் கிடைக்க வேண்டும் என்ற இரண்டாவது விதியை விளக்கும்போது, ஆண்களுக்குக் கிடைப்பது பெண்களுக்கும் கிடைக்க வேண்டும், நகரத்துக்குக் கிடைப்பது கிராமத்துக்கும் கிடைக்க வேண்டும் என்று தனித்தனியாக எடுத்துப் பேசுகிறார். அதே வருடம் மன்னார்குடி பக்கம் பொறியாளர் கனகசபைப் பிள்ளை மாட்டு வண்டியில் நூலகம் கட்டி ஊர் ஊராக அனுப்பினார்.

நமக்கு முன்பே பரோடா சமஸ்தானத்தில் மகாராஜா சயாஜிராவ் 1910-ல் அமெரிக்காவிலிருந்து நூலகர் ஒருவரை வரவழைத்து, கிராமங்களுக்குப் பெட்டி பெட்டியாகப் புத்தகம் அனுப்ப ஏற்பாடு செய்திருந்தார். அங்கே பெண்களுக்குத் தனி வாசிப்பறையும் குழந்தைகளுக்கு விளையாட்டு அறையும் இருந்தன. குழந்தைக்கு இடம் இருந்தால்தான் தாய் வந்து படிக்க முடியும் என்பது அன்றே அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. இன்றைக்கு நம் நூலகங்களில் எத்தனையில் அது இருக்கிறது, சொல்லுங்கள்.

ரங்கநாதன் இருபது வருடம் விடாமல் முயன்றதன் பலனாக, அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது, 1948-ல் சென்னைப் பொது நூலகச் சட்டம் வந்தது. சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் அதுதான்.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன்.

1954-ல் சகோதரி சுப்பலட்சுமிக்கு வயது 68. மேலவை உறுப்பினராகவும் இருந்தார். மயிலாப்பூரிலேயே அவருக்குச் செய்ய ஆயிரம் வேலை. 1942-ல் வயது வந்த பெண்களுக்காக அவர் தொடங்கிய வித்யா கலாநிலையம் அங்கேதான் இருந்தது. 1956-ல் வித்யா மந்திர் பள்ளியைத் தொடங்கிய மயிலாப்பூர் லேடீஸ் கிளப்புக்கும் அவரே தலைவர். இத்தனைக்கும் நடுவில் இந்திய மாதர் சங்கத்தோடு சேர்ந்து பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் ஒரு சமூக நல மையம் அமைக்க அவர் உதவினார். எந்த ஊரில் தெரியுமா? தாம்பரத்துக்குப் பக்கத்தில், மாடம்பாக்கத்தில்!

இதைப் படித்தபோது நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தேன். நம் மாடம்பாக்கமேதான். கிழக்குத் தாம்பரம் போய், சேலையூர் தாண்டினால் வரும் ஊர். தேனுபுரீஸ்வரர் கோயிலுக்குப் பிரதோஷத்துக்கு எத்தனை தடவை போயிருப்பேன். சோழர் காலத்துக் கோயில் என்று கல்வெட்டைக் காட்டி உங்களில் பலரைச் சுற்றுலா கூட்டிப்போயிருக்கிறேன், ஞாபகம் இருக்கிறதா? புளியோதரைப் பொட்டலத்தைக் குரங்கு பிடுங்கிக்கொண்டு போன அதே சுற்றுலாதான். ஆயிரம் வருடத்துக் கல்லைக் காட்டத் தெரிந்த எனக்கு, நான் பிறப்பதற்குச் சில வருடம் முன்பு அதே ஊருக்கு ஒரு பெண்மணி வந்து செய்த வேலையைக் காட்டத் தெரியவில்லை.

அந்தக் காலத்து மாடம்பாக்கத்தை நினைத்துப் பாருங்கள். ஏரி, வயல், பனைமரம். பிள்ளைகள் படிக்கவும் தாய்மார் கற்கவும் நகரத்திலிருந்து ஒரு வயதான அம்மா வருகிறார். வாழ்நாள் முழுக்க நகரத்துப் பெண்களுக்கு உழைத்தவர், அறுபத்தெட்டு வயதில் கிராமத்துப் பெண்களிடம் புதிதாகத் தொடங்குகிறார். எனக்கு இப்போது ஏறக்குறைய அந்த வயது. மாடிப்படி ஏறுவதற்கே முழங்காலிடம் அனுமதி கேட்க வேண்டியிருக்கிறது.

1958-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. 1969 டிசம்பர் 20-ல் காலமானார். மோனிகா ஃபெல்டன் என்ற ஆங்கிலேயப் பெண்மணி அவருடைய வாழ்க்கையைப் புத்தகமாக எழுதியிருக்கிறார். பேரப்பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுங்கள்.

நம் பக்கத்துக்கு இன்னொரு பெருமையும் உண்டு. எழுத்தாளர் ராஜம் கிருஷ்ணன் பல வருடம் தாம்பரத்தில் வசித்தவர். பதினைந்து வயதில் கல்யாணம், கல்லூரிப் படிப்பு கிடையாது. தானாகப் படித்துத் தானாக எழுதி, 1973-ல் 'வேருக்கு நீர்' நாவலுக்குச் சாகித்ய அகாதமி விருது பெற்றார். உப்பளத் தொழிலாளர்களைப் பற்றி எழுத வேண்டும் என்றால் தூத்துக்குடிக்கே போய் அவர்களோடு பழகி, பார்த்து, கேட்டு எழுதுவார். 'கரிப்பு மணிகள்' அப்படி வந்தது. காய்கறிப் பையோடு தாம்பரம் மார்க்கெட்டில் நான் நடந்த நாட்களில் அவரும் எங்காவது எதிரே வந்திருக்கலாம். எனக்குத் தெரியாமல் போயிற்று. 2014-ல் மறைந்தார்.

வரலாறு போதும். இனி நான் சொல்லப்போவது எந்தப் புத்தகத்திலும் இல்லாதது. சொல்லக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

நான் வேலை பார்த்த பள்ளிகளில் ஒன்றில் நூலகப் பொறுப்பு என்னிடம் இருந்தது. நூலகம் என்றால் அறை இல்லை, ஒரு இரும்பு பீரோ. அதில் இருநூறு சொச்சம் புத்தகங்கள். சாவி என் கைப்பையில். வருடா வருடம் இருப்புச் சரிபார்ப்பு வரும். பதிவேட்டில் உள்ள எண்ணிக்கையும் பீரோவில் உள்ள எண்ணிக்கையும் ஒத்துப்போக வேண்டும். புத்தகம் குறைந்தால் பொறுப்பாசிரியர் பணம் கட்ட வேண்டும் என்ற பயம். அதனால் நான் என்ன செய்தேன்? யாருக்கும் கொடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை நூலக வேளையில் பீரோவைத் திறந்து நாலு புத்தகத்தை எடுத்து மேசையில் வைத்து, மணி அடித்ததும் எண்ணிப் பார்த்துத் திரும்பப் பூட்டிவிடுவேன். எண்ணிக்கை எப்போதும் சரியாக இருந்தது. "டீச்சர் ரொம்ப கரெக்ட்" என்று பெயரும் வாங்கினேன்.

1989 என்று நினைவு. ரேங்க் கார்டில் கையெழுத்துப் போட ஒரு மாணவியின் அம்மா வந்திருந்தார். ரயில்வே கேட் பக்கம் பூ விற்பவர். கையெழுத்தை அழகாகப் போட்டார். எட்டாவது வரை படித்தவராம். திறந்திருந்த பீரோவைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"டீச்சர், அதுல ஒரு கதைப் புக்கு குடுப்பீங்களா? படிச்சிட்டு அடுத்த வாரம் பாப்பாகிட்ட குடுத்தனுப்புறேன்."

"அது பிள்ளைங்களுக்கும்மா, வெளியாளுங்களுக்குக் குடுக்கக் கூடாது" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. சிரித்துக்கொண்டேதான் கேட்டார். "பிள்ளைங்களுக்கும் குடுக்கறது இல்லையாமே டீச்சர். பாப்பா சொல்லுச்சு."

எனக்குப் பதில் வரவில்லை. கார்டை வாங்கி வைத்துக்கொண்டு அடுத்த அம்மாவைக் கூப்பிட்டேன். பீரோவையும் பூட்டினேன். அதற்கு அப்புறமும் இரண்டு மூன்று வருடம் பூட்டியேதான் வைத்திருந்தேன். சொன்னது உறைத்தது, ஆனால் பயம் பெரிதாக இருந்தது.

1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் வந்தது. புதுக்கோட்டையில் பெண்கள் ஆயிரக்கணக்கில் எழுதப் படிக்கவும் சைக்கிள் ஓட்டவும் கற்றுக்கொண்டதைப் பத்திரிகைகளில் படித்தோம். எங்கள் பக்கத்திலும் மாலை நேர வகுப்புகள் நடந்தன. ஆசிரியர்கள் சிலர் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும். ஒரு நாள் நான் போன தெருவில் ஒரு வீட்டு வாசல் விளக்கடியில் ஏழெட்டுப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தவர் அதே பூக்கார அம்மா. பாடப் புத்தகத்தோடு, பொட்டலம் மடித்து வந்த காகிதம், பஸ் டிக்கெட், சினிமா நோட்டீஸ் எல்லாவற்றையும் பிரித்து வைத்து வாசிக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, "வாங்க டீச்சர், உக்காருங்க" என்று பாயை இழுத்துப் போட்டார்.

அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் இல்லை. என் பைக்குள் சாவி, பீரோவுக்குள் இருநூறு புத்தகம். அவர் கையில் பொட்டலக் காகிதம். அவர்தான் நூலகம் நடத்திக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம் அவருக்கு முதல் புத்தகத்தைக் கொடுத்தேன். வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் அம்மாமார்கள் வந்து எடுத்துக்கொண்டு போகலாம் என்று பிள்ளைகளிடம் சொல்லி அனுப்பினேன். முதல் வாரம் மூன்று பேர். ஒரு மாதத்தில் பதினைந்து பேர். புத்தகம் கேட்க வந்தவர்கள் அப்படியே நின்று பேசுவார்கள். ரேஷன் கடையில் எப்போது மண்ணெண்ணெய் போடுகிறார்கள், எந்தப் பிள்ளைக்கு அம்மை போட்டிருக்கிறது, யார் வீட்டில் பெண்ணைப் படிப்பை விட்டு நிறுத்தப் போகிறார்கள், எல்லாச் செய்தியும் அந்தப் பீரோ பக்கத்தில்தான் எனக்குக் கிடைத்தது. அப்படித் தெரிந்துகொண்டு போய்ப் பேசி, இரண்டு பெண்களைத் திரும்பப் பள்ளிக்குக் கூட்டி வந்தோம். அந்த இருவரும் இந்தப் பதிவைப் படிப்பார்கள். பெயர் சொல்ல மாட்டேன்.

மூன்று வருடத்தில் தொலைந்த புத்தகங்கள் மொத்தம் ஏழு. நான் கட்டிய பணம் நாற்பத்திரண்டு ரூபாய். இதற்குத்தான் அத்தனை வருடம் பயந்தேன்!

ரங்கநாதனின் முதல் விதியை நான் ஓய்வு பெற்ற பிறகுதான் முழுதாகப் படித்தேன். பூட்டி வைப்பதே நூலகரின் வேலை என்று இருந்த காலத்தைப் பற்றி அதில் அவர் எழுதியிருப்பதைப் படிக்கும்போது, என்னை நேரில் பார்த்துவிட்டு எழுதியது போல் இருந்தது. அந்தச் சில வருடங்களில் என் வகுப்பில் இருந்த பிள்ளைகளே, உங்களுக்குச் சேர வேண்டிய புத்தகங்களை நான் கொடுக்கவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள்.

இனி இன்றைய நிலவரம். உங்களில் வீடு வைத்திருப்பவர்கள் சொத்து வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். வரியோடு சேர்த்து நூலக வரி என்று ரூபாய்க்கு 10 காசு வாங்குகிறார்கள். 1948 சட்டம் தந்த ஏற்பாடு அது. அதாவது உங்கள் பகுதி நூலகத்துக்கு நீங்கள் ஏற்கெனவே பணம் கட்டிவிட்டீர்கள். கட்டிவிட்டு உள்ளே போகாமல் இருக்கிறோம். கிளை நூலகங்களில் வாசகர் வட்டம் என்று ஒன்று உண்டு. நவம்பர் 14 முதல் 20 வரை தேசிய நூலக வாரம் கொண்டாடுவார்கள். போய்ப் பாருங்கள், மேடையிலும் நாற்காலியிலும் பெரும்பாலும் ஆண்கள்தான் இருப்பார்கள். நூலகர் தடுப்பதில்லை. பெண்களுக்கு நேரம் ஒத்துவருவதில்லை, போய் உட்காரும் பழக்கமும் இல்லை. கேரளத்தில் நூலகத்திலிருந்து பெண்களே புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போய்ப் பெண்களுக்குக் கொடுத்து வரும் திட்டம் இருக்கிறது. அதைப் பார்த்துத்தான் எனக்கும் தைரியம் வந்தது.

ஓய்வு பெற்றதும் எங்கள் வீட்டு முன்புறம், கார் நிறுத்த என்று கட்டி, கார் வாங்காததால் சும்மா கிடந்த இடத்தில் இரண்டு அலமாரி வைத்தேன். சனிக்கிழமை மதியம் இரண்டரை முதல் நாலரை வரை. தெருப் பெண்கள் வருவார்கள். இப்போது அறுநூறு புத்தகம் சேர்ந்திருக்கிறது. பாதி உங்களில் பலர் கொடுத்தது. யாராவது ஒருவர் ஒரு அத்தியாயம் உரக்க வாசிப்பார். கண் புரை ஆபரேஷன் செய்துகொண்ட பாட்டிகளும் கேட்கலாம் அல்லவா? 'பொன்னியின் செல்வன்' முடிக்க ஒன்றரை வருடம் ஆயிற்று. 'கரிப்பு மணிகள்' வாசித்த வாரம், வீட்டு வேலைக்குப் போகும் ஒரு பெண், "எங்க அம்மாவும் உப்பளத்துலதான் வேலை பார்த்துச்சு டீச்சர்" என்று சொல்லி, இரண்டு மணி நேரம் அவரே பேசினார். அன்று புத்தகத்தை மூடி வைத்துவிட்டு எல்லோரும் அவர் பேச்சைத்தான் கேட்டோம். வங்கிப் படிவம் நிரப்புவது, ஆதார் திருத்தம், பிள்ளையின் கல்லூரி விண்ணப்பம் எல்லாம் அங்கேயே நடக்கும். கொரோனாவில் நின்று போய், பிறகு மறுபடி தொடங்கினோம். அதற்குள் எங்களில் இரண்டு பேர் இல்லை. அவர்கள் கடைசியாக எடுத்த புத்தகங்களை வீட்டார் கொண்டுவந்து கொடுத்தபோது, ஒன்றில் பாதியில் பஸ் டிக்கெட் அடையாளமாக வைத்திருந்தது. அதை எடுக்காமல் அப்படியே வைத்திருக்கிறேன்.

இப்போது கேட்க வந்ததைக் கேட்கிறேன்.

என் முழங்கால் இரண்டும் தகராறு செய்கின்றன. வருகிற சித்திரைக்குள் பெங்களூருக்கு வந்துவிடும்படி மகன் கூப்பிடுகிறான். தனியாக இருக்க விட மாட்டேன் என்கிறான், அவன் சொல்வதும் நியாயம்தான். வீட்டை வாடகைக்கு விட்டால் அந்த முன்புறமும் போய்விடும். புத்தகங்களைக் கிளை நூலகத்துக்குக் கொடுத்துவிடலாம், பத்திரமாக இருக்கும். ஆனால் சனிக்கிழமை மதியம் வரும் பதினான்கு பெண்களை யாரிடம் கொடுப்பது?

2021-ல் தாம்பரம் மாநகராட்சி உருவானபோது பெருங்களத்தூரும் மாடம்பாக்கமும் ஒரே ஊராகிவிட்டன. இந்தப் பதிவைப் படிப்பவர்களில் முப்பது பேராவது இந்த எல்லைக்குள் இருப்பீர்கள். உங்களில் யாராவது ஒருவர் வீட்டில் ஒரு திண்ணை, ஒரு மாடி, ஒரு கார் ஷெட், இரண்டு மணி நேரம் கிடைக்குமா? மேடைப் பேச்சு தெரிய வேண்டாம். கதவைத் திறந்து வைத்து, ஒரு குடம் தண்ணீர் வைத்தால் போதும். மற்றதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். பெங்களூரிலிருந்து நான் வீடியோ காலில் ஒரு அத்தியாயம் வாசிக்கிறேன். சகோதரி சுப்பலட்சுமி 68 வயதில் மயிலாப்பூரிலிருந்து மாடம்பாக்கத்துக்கு வந்தார். நீங்கள் அடுத்த தெருவுக்கு வந்தால் போதும்.

ஸ்காட்லாந்து மாணவிக்கு: கேட்டாயே கண்ணு, இருந்துச்சாம்மா. இப்பவும் இருக்கு. சித்திரைக்கு அப்புறமும் இருக்கணும்.

சம்மதம் என்றால் கீழே எழுத வேண்டாம், போன் செய்யுங்கள். எல்லோரிடமும் என் நம்பர் இருக்கிறது. மதியம் தூங்குவதில்லை.

அன்புடன்,
உங்கள் டீச்சர்